சூறாவளி அம்மையார் மாலதி சௌத்ரி

பாரதம் விடுதலை பெற்றதும் பதவியை நாடாது குடிசைகளை நாடிச் சென்ற தொண்டர் சிலருள், மாலதி சௌத்ரி அம்மையார் முன்வைத்து எண்ணத்தக்கவர்.

1904ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிரம சமாஜக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்து அன்னையின் ஆதரவில் வளர்ந்தார். 1921இல் சாந்திநிகேதனஞ் சேர்ந்து, கவீந்திரர் தாகூரின் நிழலிற் கல்வியும் கலையும் பயின்றார். ஆங்கு வந்திருந்த ஒடிய இளைஞர் நவகிருஷ்ண சௌத்ரியை 1927இல் மணந்தார். நகர வாழ்வைத் துறந்து, ஒடிசாவின் அனாகியா என்னுஞ் சிற்றூரில் இருவரும் குடியேறினர். கணவர் கரும்புப் பயிர்ச்செய்கையைச் சீர்திருத்த முனைய, மனைவியார் கிராமத்து முதியோர்க்கு எழுத்தறிவூட்டலானார்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தபோது இருவரும் அதிற் குதித்துச் சிறை புகுந்தனர். 1934இல் காந்தியடிகள் ஒடிசாவிற் பாதயாத்திரை செய்தபோது அம்மையாரும் உடன் நடந்தார். இவரது வேகத்தைக் கண்ட அடிகள், சூறாவளி என்றே இவரை அழைத்தார். 1942ஆம் ஆண்டுப் போராட்டமும் இவரைச் சிறைக்கே அனுப்பியது.

1938இல் தேன்கனால் சமஸ்தானத்தில், காவற்படையினர் ஆற்றைக் கடக்கப் படகு தர மறுத்த பாஜி ரவுத் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். 1946இல் அம்மையார், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், விடுதலைத் தொண்டர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென அங்குலில் விடுதியொன்று அமைத்தபோது, அதற்கு அச்சிறுவனின் பெயரையே சூட்டினார். படகோட்டிச் சிறுவன் பெற முடியாத கல்வி, அவன் பெயரால் ஏழைச் சிறாரை அடைந்தது.

அவ்வாண்டிலேயே அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகத் தெரிவாகியும், அவ்விருக்கை இவரைக் கட்டுப்படுத்தவில்லை. கலவரத் தீ மூண்ட நவகாளிக்குச் சென்று காந்தியடிகளின் அமைதிப் பணியிற் சேர்ந்தார். 1948இல் உத்கல் நவஜீவன் மண்டலத்தை நிறுவிப் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். 1950 முதல் 1956 வரை கணவர் ஒடிசாவின் முதலமைச்சராக வீற்றிருந்தபோதும், அம்மையார் கிராமத் தொண்டினைக் கைவிட்டாரல்லர்.

1975இல் நெருக்கடி நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனை எதிர்த்த அம்மையாருக்கு அப்போது அகவை எழுபத்தொன்று. அந்நியர் ஆட்சியிற் பன்முறை சிறை கண்டவரைச் சுதந்திர பாரதமும் சிறையிலிட்டது. ஆள்வோர் மாறினும் அநீதிக்குத் தலைவணங்காத அவர் உறுதி மாறவில்லை.

1998 மார்ச் 15ஆம் நாள், தொண்ணூற்று மூன்றாம் அகவையில் அம்மையார் மறைந்தார். உரிமைப் போரையும் ஊழியத்தையும் அவர் என்றும் வேறாகக் கருதியதில்லை என்பதற்கு, ஆற்றங்கரையில் மாண்ட சிறுவனின் பெயர் தாங்கிய அவ்விடுதி ஒன்றே போதிய சான்றாகும்.