ரவுட்டர் சொல்லும் பிழைச் செய்திகளுக்குப் பின்னால் ஒரு தாடிக்காரர்: யார் இந்த ஜான் போஸ்டல்?

காதர்பேட்டையில் ஆபீஸ், ஊருக்கு வெளியே தையல் யூனிட். இரண்டு ரவுட்டரையும் லிங்க் போட்டு இணைத்தாச்சு. ஆபீஸ் ரவுட்டரில் ‘ஸ்டாட்டிக் ரூட்’டும் எழுதியாச்சு. ஆனால் யூனிட் கம்ப்யூட்டருக்கு பிங் அடித்தால் ஒரு நாள் ‘டெஸ்டினேஷன் அன்ரீச்சபிள்’, இன்னொரு நாள் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’. பேக்கிங் லிஸ்ட் அங்கே மாட்டிக்கிட்டு இருக்கு, கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பணும்.

இரண்டும் ஒரே கோளாறு இல்லை. வித்தியாசம் புரிய ஜான் போஸ்டலைத் தெரிந்துகொள்வது உதவும்.

1943-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். இணையத்தின் தாய் எனப்படும் ‘ஆர்ப்பாநெட்’ 1969-ல் தொடங்கியபோது லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யு.சி.எல்.ஏ.) மாணவர். நெட்வொர்க் விதிகளை எழுதிவைக்கும் ‘ஆர்.எஃப்.சி.’ ஆவணங்களைத் திருத்தி வெளியிடும் பொறுப்பு அவரிடம் வந்தது. சாகும்வரை ஏறக்குறைய 30 வருஷம் அதை விடவே இல்லை. நீண்ட தாடி, காலில் செருப்பு. ஆளைப் பார்த்தால் இணையத்தின் கணக்குப்பிள்ளை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

1981 செப்டம்பரில் அவர் வெளியிட்ட ஆவணங்களில் இரண்டு நமக்கு முக்கியம். ஆர்.எஃப்.சி. 791, பாக்கெட்டை அனுப்பும் விதி. சேருமிட முகவரியைப் பார்த்து அடுத்த கைக்குத் தள்ளிவிடுவதோடு ரவுட்டரின் வேலை முடிந்தது. முழுப் பாதை அதற்குத் தெரியாது. நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங் என்று துணி போகிற மாதிரிதான்.

792, போகிற வழியில் சிக்கல் வந்தால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும் விதி. ‘அன்ரீச்சபிள்’ இதில் வருவது. யாரோ ஒருவர் வழி இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறார். வரியின் தொடக்கத்தில் உள்ள ஐபி முகவரிதான் அந்த ஆள். அங்கே போய்ப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியே இருந்தால் கோளாறு பக்கத்திலேயே.

‘டைம்டு அவுட்’ அப்படி வந்த செய்தி அல்ல. பதிலே வராததால் உங்கள் கம்ப்யூட்டர் தானாகச் சொல்வது. ஃபயர்வால் தடுத்திருக்கலாம். பல சமயம் காரணம் இன்னும் எளிமையானது: போகிற வழியை எழுதியிருப்போம், திரும்புகிற வழியை எழுதியிருக்க மாட்டோம். யூனிட் ரவுட்டருக்கு ஆபீஸின் 192.168.1.0 எங்கே என்று தெரியாது. பதிலை இன்டர்நெட் கம்பெனி பக்கம் தள்ளிவிடும். அது அங்கேயே காணாமல் போகும். யூனிட் ரவுட்டரிலும் ஒரு ஸ்டாட்டிக் ரூட் போட்டால் தீர்ந்தது.

போஸ்டலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: ஐபி முகவரிகள், நாட்டுப் பெயர்களின் பதிவேடு. எது நாடு, எது இல்லை என்ற வம்பில் மாட்டாமல், ஐ.எஸ்.ஓ. பட்டியலில் உள்ள ஈரெழுத்துக் குறியீடுகளையே எடுத்துக்கொண்டார். இந்தியாவின் ‘.இன்’ 1989-ல் அப்படி வந்ததுதான். சாமர்த்தியமான முடிவு.

1998 ஜனவரியில் ஒரு காரியம் செய்தார். இணையப் பெயர்களின் மூல சர்வர்களை நடத்துபவர்களில் எட்டுப் பேருக்கு மெயில் அனுப்பி, அமெரிக்க அரசின் ஒப்பந்த நிறுவனத்துக்குப் பதில் தன் சர்வரில் இருந்து பட்டியலை எடுக்கச் சொன்னார். அவர்களும் எடுத்தார்கள்! வெள்ளை மாளிகை கொதித்தது. அது வெறும் சோதனை என்று சொல்லி, பழையபடி மாற்றிவிட்டார். அந்தப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள ‘ஐகேன்’ அமைப்பு அதே ஆண்டு செப்டம்பரில் உருவானது. அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கலால், 55 வயதில் போஸ்டல் இறந்தார்.