தாய்மாரும் வைத்தியர் கனரும்

மூன்று வயதாகியும் பேசாமல், அழைத்தால் திரும்பிப் பாராமல், போத்தல் மூடியொன்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளையைக் கண்டால் நம்மவர் முதலிற் குறைகூறுவது தாயைத்தான். கொட்டாஞ்சேனையில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், அத்தகைய பிள்ளையைச் சுமந்தபடி செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செல்லும் சைவத் தாய் ஒருத்தியை அறிவேன். பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டும் என்பதோடு, தன் பாவம் தீரவேண்டும் என்றும் அவள் நேர்ந்திருந்தாள். ஊர்வாய் சுமத்திய அந்தப் பாவத்தை ஒரு காலத்தில் உளவியலும் சுமத்திற்று. அவ்வரலாற்றின் நடுவே நிற்பவர், ஓட்டிசம் என்னும் நிலையை உலகுக்கு விளக்கிக் காட்டிய வைத்தியர் லியோ கனர்.

கனர் 1894 இல், அன்று ஒஸ்திரியப் பேரரசின் பகுதியாயிருந்த கலீசியாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிற் கவிஞராகவே விரும்பினார். கவிதைகளை அச்சேற்றுவார் இல்லை. (பத்திரிகாசிரியர்கள் அறியாமற் செய்யும் உபகாரங்களுள் இதுவும் ஒன்று.) பேர்லினில் மருத்துவம் பயின்று, 1924 இல் அமெரிக்கா சென்றார். 1930 இல் பல்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் சிறுவர் உளமருத்துவப் பிரிவைத் தொடக்கினார். நாஜிகளிடமிருந்து தப்பிய யூத வைத்தியர் பலருக்குக் கைகொடுத்தார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கொல்லலாம் என்று 1942 இல் ஒரு வைத்தியர் எழுதியபோது எதிர்த்து வாதிட்டார். மனிதாபிமானி என்பதில் ஐயமில்லை. தாய்மாருக்காக வாதாடி 1941 இல் ஒரு நூலே எழுதியவர் அவர்.

அத்தகையவரே வழுவினார் என்பதுதான் வியப்பு. 1938 இல் மிசிசிப்பியிலிருந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை அவரிடம் கொண்டுவந்தனர். அதற்குமுன் தந்தை 33 பக்கம் தட்டச்சுச் செய்த கடிதமொன்றை அனுப்பியிருந்தார். அச்சிறுவனையும் வேறு பத்துப் பிள்ளைகளையும் ஆராய்ந்து, 1943 இல் கனர் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். இக்குறை பிறவியிலேயே அமைந்தது என்று அதில் முடிவு கூறினார். ஆயினும், அப்பெற்றோருள் கனிவுடையோர் சிலரே என்றும் அதிலேயே எழுதிவைத்தார். தந்தையின் நீண்ட கடிதத்தையும் பெற்றோரின் மிகைப்பட்ட நுணுக்கப் பித்துக்குச் சான்றாக்கினார். அக்கடிதம் இன்றேல் அவருடைய கண்டுபிடிப்புக்கு அடித்தளமே இராது என்பது என் கருத்து. உற்றுநோக்கி எழுதிய அன்பையே அன்பின்மைக்கு அடையாளமாகக் கொள்ளுதல் எத்துணைக் கொடுமை!

1949 இல் அவர் மேலும் சென்று, அப்பெற்றோரின் வீட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார். உவமை கவிஞரின் உள்ளத்திற் பிறந்தது போலும். கருத்தைவிட அதுவே வேகமாகப் பரவிற்று. சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் எழுதிய நூலில், இப்பிள்ளைகளைச் சிறைமுகாம் கைதிகளோடு ஒப்பிட்டுப் பெற்றோர்மேற் பழியை நிலைநாட்ட முயன்றார்.

எதிர்க்குரல் ஒரு தந்தையிடமிருந்து எழுந்தது. பேர்னாட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர், தாமே அத்தகைய பிள்ளையைப் பெற்றவர், காரணம் மூளையின் அமைப்பிலே உள்ளது என 1964 இல் நூலெழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் கனர்! 1969 இல் வாஷிங்டனிற் கூடிய பெற்றோர் மாநாட்டில், அவர்கள் குற்றமற்றவர்கள் என்று கனரே அறிவித்தார். 1977 இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு, பரம்பரைக் கூறின் வலிமையைக் காட்டிற்று.

பின்வந்த உளவியற் கொள்கைகள் தாயை விடுத்துப் பிள்ளையின் சிந்தனைமுறையை நோக்கின. ஒருத்தி கூடையில் வைத்த கோலிக்குண்டை மற்றொருத்தி அவளறியாமற் பெட்டிக்கு மாற்றுகிறாள். திரும்பி வருபவள் எங்கே தேடுவாள்? 1985 இல் லண்டன் ஆய்வாளர் இதைக் கேட்டபோது, ஓட்டிசம் உள்ள 20 பிள்ளைகளுள் 16 பேர் பெட்டியையே சுட்டினர். பிறர் மனத்தில் உள்ளதை ஊகித்தல் அவர்களுக்கு அரிது என்பது அக்கொள்கை. அதுவும் முழு விளக்கமன்று; நால்வர் சரியாகவே சொன்னார்களே.

கனர் 1981 இல் மறைந்தார். அவர் முதலிற் கண்ட சிறுவனை, வைத்திய ஆலோசனைப்படி மூன்று வயதில் ஒரு விடுதியிற் சேர்த்திருந்தனர். பொறுப்பாளர் தடுத்தும் பெற்றோர் அவனை 1938 இல் வீட்டுக்கு மீட்டனர். அவர் வளர்ந்து, பட்டம் பெற்று, சொந்த ஊர் வங்கியிற் பணியாற்றி, 2023 இல் தமது 89 ஆவது வயதிற் காலமானார்.