ஜோசப் லிஸ்டர்: காலை எடுத்த பிறகும் உயிர் போனது ஏன் என்று கேட்ட டாக்டர்

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயால் யாருக்காவது காலை எடுக்க வேண்டி வந்திருந்தால் உங்களுக்கே தெரியும், ஆபரேஷனோடு கவலை முடிவதில்லை. தையல் பிரிகிறதா, சீழ் வைக்கிறதா என்று தினமும் பயந்து பயந்து பார்க்க வேண்டும். அந்தச் சீழையே நல்ல அறிகுறி என்று ஒரு காலத்தில் டாக்டர்கள் நினைத்தாங்க. நம்புவீங்களா?

அதை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர். 1827-ல் லண்டன் அருகே அப்டனில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி; மைக்ரோஸ்கோப் லென்ஸைச் செம்மைப்படுத்தியவரும் அவர்தான். அதனால் சின்ன வயதிலேயே மைக்ரோஸ்கோப் லிஸ்டருக்குப் பழக்கம்.

1860-ல் கிளாஸ்கோவில் அறுவை சிகிச்சைப் பேராசிரியரானார். மயக்க மருந்து ஏற்கெனவே வந்துவிட்டது, வலி இல்லை. ஆனால் வெட்டிய இடம் அழுகியது. அவரது வார்டில் கை, கால் அகற்றப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்பது அன்றைய நம்பிக்கை. ரத்தக்கறை படிந்த கோட்டோடு ஆபரேஷன் செய்ததை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

நுண்ணுயிர்களால்தான் பொருள்கள் அழுகுகின்றன என்ற பாஸ்டரின் ஆய்வு அவர் கவனத்துக்கு வந்தது. கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்க கார்பாலிக் அமிலம் ஊற்றுவதையும் அறிந்தார். 1865 ஆகஸ்டில் வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு வெளியே தெரிய காலொடிந்த 11 வயதுப் பையன் வந்தான். வழக்கமாக இப்படிப்பட்ட காலை எடுத்துவிடுவார்கள். லிஸ்டர் கார்பாலிக்கில் நனைத்த துணியால் காயத்தை மூடினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது, கால் தப்பியது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நூல் விஷயம். ரத்தக்குழாயைக் கட்டிய பட்டு நூலின் நுனியை அப்போது காயத்துக்கு வெளியே தொங்க விடுவார்கள், அழுகி தானாக விழட்டும் என்று! கிருமிக்கு அதுவே வாசல். சில நாளில் குழாய் முனையும் அழுகி, ரத்தம் கொட்டும். லிஸ்டர் ஆட்டுக் குடலில் செய்த, உடம்பிலேயே கரைகிற நூலை கார்பாலிக்கில் ஊறவைத்துக் கட்டினார். நுனியை ஒட்ட வெட்டி, காயத்தை மூட முடிந்தது. 1867 முதல் 1869 வரை 40 பேருக்குக் கை, கால் அகற்றியதில் இறந்தவர்கள் 6 பேர்.

லண்டன் டாக்டர்கள் பலர் சீக்கிரம் ஏற்கவில்லை. கார்பாலிக் கையைப் புண்ணாக்கியதும் உண்மைதான். காற்றில் அதைத் தெளிக்கும் முறையை 1890-ல் லிஸ்டரே தேவையில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கவிஞர் ஹென்லி தெரியுமா? காசநோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மற்ற காலுக்கும் ஆபத்து வர, 1873-ல் எடின்பரோவில் லிஸ்டரிடம் போனார். பல மாதம் படுக்கையில் கிடந்தார், கால் தப்பியது. 'புதையல் தீவு' நாவலின் ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் லாங் ஜான் சில்வர், இந்த ஹென்லியைப் பார்த்து அவருடைய நண்பர் ஸ்டீவன்சன் உருவாக்கிய பாத்திரம்தான்.

லிஸ்டர் 1912 பிப்ரவரி 10 அன்று இறந்தார். நீங்கள் வாய் கொப்பளிக்கும் லிஸ்டரின் அவர் கண்டுபிடித்ததல்ல. பெயர் மட்டும் அவருடையது.