பரிசுத்த நிக்கோலாஸ் அத்தியட்சர்

மார்கழி இரவுகளில் தாம்பரம், திருமுடிவாக்கம் முதலிய ஊர்களிலே கீதக் குழுவினரோடு செவ்வுடையும் வெண்டாடியுந் தரித்து வருபவரைச் சிறுவர்கள் கிறிஸ்துமஸ் தாத்தா என்றழைத்து மகிழ்கின்றனர். அவர் எந்நாட்டினரென வினவுவோர் சிலரே. ஆதலின், அவருக்கு மூலபுருஷராகிய நிக்கோலாஸ் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தற்காலத் துருக்கி தேசத்தின் தென்கரையில் லீசியா என்னும் நாடு இருந்தது. பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரிக்குச் செல்லுங்கால் கப்பல் மாறிய மீறாப் பட்டணம் அந்நாட்டதே. நிக்கோலாஸ் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுப் பத்தாராவில் பிறந்து, பின்னர் மீறாவின் அத்தியட்சராயினார் என்பர். அவரைப் பற்றிய சரிதங்கள் அவர் மறைந்து நெடுங்காலஞ் சென்றபின் எழுதப்பட்டவையாதலின், அவற்றுள் மெய்யையும் கதையையும் வகுத்தறிதல் அரிது.

அக்கதைகளுள் ஒன்றே அவர் புகழை நிலைநாட்டியது. செல்வம் இழந்த ஒருவனுக்குப் பெண்மக்கள் மூவர் இருந்தனர். சீதனங் கொடுக்க வகையின்மையால் அவன் அவர்களை இழிதொழிலில் விடவுந் துணிந்தான். இதனை அறிந்த நிக்கோலாஸ், தம் பெற்றோர் வைத்துச் சென்ற பொருளினின்றும் ஒரு பொன்முடிப்பை எடுத்து, இரவில் அவன் வீட்டுப் பலகணி வழியே எறிந்து சென்றார். மூத்தவளுக்கு மணம் நிகழ்ந்தது. மற்றிருவர்க்கும் அவ்வாறே செய்தார். மூன்றாம் முறை தந்தை விழித்திருந்து, ஓடிப் பின்தொடர்ந்து அவரைக் கண்டுகொண்டான். தாம் உயிரோடிருக்குமளவும் இதனை எவர்க்கும் வெளியிடலாகாதென அவர் அவனுக்குக் கட்டளையிட்டார்.

அவர் நினைவுநாள் டிசம்பர் 6. 1087-ஆம் ஆண்டில் அவரது எலும்புகள் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. ஒல்லாந்தர் அவரைச் சிந்தர்க்கிளாஸ் என்று கொண்டாடினர்; அப்பெயரே அமெரிக்காவிற் சாண்டா கிளாஸ் எனத் திரிந்தது. 1823-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கவிதை அவருக்குக் கலைமான்கள் எட்டுப் பூட்டிய வண்டியை அளித்தது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் வரைந்த சித்திரங்கள் பருத்த உருவத்தை நல்கின. 1931 முதல் கோக்கக் கோலா விளம்பரங்கள் அச்செவ்வுடைக் கோலத்தை உலகெங்கும் பரப்பின. இவ்வாறு, மறைவாக ஈந்தவர் கடைவீதியிற் பொருள் விற்பவராயினார்.

நம் நாட்டில் வரதட்சணையை விலக்கும் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டும், அதனால் வருந்தும் இல்லங்கள் இன்றும் உள. அம்மூன்று பெண்களின் துயரம் நமக்கு அயலன்று. சீதனங் கேளாது மணஞ் செய்யும் இளைஞனும், உடன் பயிலும் ஏழை மாணவனது கட்டணத்தைப் பெயர் கூறாது செலுத்துபவனும், செவ்வுடை தரியாமலே நிக்கோலாஸின் வழி நிற்பவராவர்.