பேராசிரியர் லுடோவைக்

கண்டியிலிருந்து பேராதனைக்குச் சென்று ஆங்கில இலக்கியம் பயின்ற எம் சகோதரியர் பலர். அத்துறைக்கு அத்திவாரமிட்டவர் பேராசிரியர் ஈ. எவ். சி. லுடோவைக்.

1906 இல் காலியில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தார். றிச்மண்ட் கல்லூரியிலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கற்று, கேம்பிறிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1936 இல் ஆங்கிலப் பேராசிரியரானார். அப்பதவியை வகித்த முதல் இலங்கையர் அவரே.

பிறர் எழுதிய விமர்சனத்தை மனனஞ்செய்து ஒப்புவிப்பதை அவர் கல்வியாகக் கொள்ளவில்லை. கவிதையொன்றை முன்னே வைத்து, சொல்சொல்லாக வாசித்து, மாணவர் தாமே முடிவு காணப் பழக்கினார். நாடகத்தை மேடையிலும் கற்கவேண்டும் என்பதற்காகப் பல்கலைக்கழக நாடகச் சங்கத்தை வழிநடத்தினார். மாணவரோடு மாணவியரும் அம்மேடையில் ஏறினர்.

1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபோது, ஹந்தான மலையடிவாரத்தில் இந்த மரபு வேரூன்றியது. நான்கே ஆண்டுகளில் அவர் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். சிங்களம் மட்டும் அரசகரும மொழியானதும் அதே 1956 இல்தான். நாட்டில் ஆங்கிலத்தின் இடம் மாறத் தொடங்கிய வேளையிலும் அவர் இட்ட அத்திவாரம் அசையவில்லை. அவரிடம் கற்ற ஆஷ்லி ஹல்பே பின்னர் பேராதனையில் ஆங்கிலப் பேராசிரியரானார்.

இங்கிலாந்திலிருந்தும் அவர் எழுதினார். சேக்ஸ்பியரை மாணவர்க்கு விளக்கும் அவரது நூல் 1962 இல் வெளியாயிற்று. இலங்கை வரலாறும் எழுதினார். 1985 இல் காலமானார்.

பரீட்சைக்குப் படித்த பாடல்களை நாம் மறந்திருக்கலாம். எதையும் நாமே வாசித்து, நாமே தீர்மானிக்கும் துணிவு மறக்கவில்லை. அது அவர் வழிவந்த சொத்து.