எழுத்துக்குச் சுழி போட்டவர்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 'சேறு' என்று எழுதுங்கள். பக்கத்திலேயே 'செறு' என்று எழுதுங்கள். சேறு உங்களுக்குத் தெரியும், மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்வது. செறு என்பது வயலுக்கு ஒரு பழைய பெயர். தாமிரபரணிக் கரையில் நடவுக் காலத்தில் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும்! ஆனாலும் சொல் வேறு, பொருள் வேறு. எது எது என்று நமக்குக் காட்டிக் கொடுப்பது கொம்பின் தலையில் இருக்கும் ஒரு சின்னச் சுழி.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சுழி வழக்கத்தில் இல்லை. இரண்டு சொல்லையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். படிப்பவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கொற்கைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது. இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 1968-69-இல் அங்கே மண்ணைத் தோண்டியபோது தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. அவ்வளவு காலமாக எழுதிப் பழகிய பகுதி அது. பானை ஓட்டில் கீறியவர்கள் பிறகு பனை ஓலைக்கு மாறினார்கள். அந்தப் பக்கத்தில் பனைக்கா பஞ்சம்? நூல், கணக்கு, கடிதம் எல்லாமே ஓலைதான்.

ஓலையில் ஒரு தொல்லை இருந்தது. க், ம் போன்ற மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும். எ, ஒ குறிலாக இருந்தால் அதற்கும் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் ஓலை எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதனால் எரியும் ஏரியும் ஒன்றாகிவிட்டன. கொடுவும் கோடுவும் ஒன்றாகிவிட்டன. போதாக்குறைக்கு, ர என்ற எழுத்தும் கால் என்ற குறியும் ஒன்று போலவே இருந்ததால் கரடும் காடும்கூட ஒன்றாகிவிட்டன!

இந்தத் தொல்லையைச் சரிசெய்ய முயன்றவர் ஒரு வெளிநாட்டுக்காரர். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680 நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நீங்கள் அவரை வீரமாமுனிவர் என்ற பெயரில் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இயேசு சபைத் துறவியான அவர், கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவதற்காகக் கப்பலேறி, கோவா வழியாக 1711-இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில்தான் அவர் தமிழில் 'அ' எழுதக் கற்றுக்கொண்டார். தொடக்க காலத்தில் அவர் தங்கிப் பணி செய்த ஊர்களில் ஒன்று கோவில்பட்டிக்கு அருகே இருக்கும் காமநாயக்கன்பட்டி. அன்றைய திருநெல்வேலிச் சீமை.

தமிழ்க் குழந்தைக்கு ஓலை படிப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. வாத்தியார் வாயால் சொல்லச் சொல்லக் கேட்டுப் பாட்டை மனப்பாடம் செய்த பிறகுதான் ஓலையைப் பார்க்கும். பாட்டு தெரிந்திருப்பதால் கண் தவறினாலும் வாய் தவறாது. இத்தாலிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் மற்றவர்கள் பார்க்காமல் தாண்டிப் போன பள்ளத்தில் அவர் விழுந்து எழுந்தார். என்னைக் கேட்டால், அவர் தாமதமாகத் தமிழ் படிக்க வந்தது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்பேன்.

அவர் விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று நாமே அளந்து பார்க்கலாம், வாருங்கள். ஒரு வரியில் எரி, செறு, கொடு என்று மூன்று சொற்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். அப்படியானால் அந்த வரியை எத்தனை விதமாகப் படிக்கலாம்? ஆறு என்று சொல்லாதீர்கள்! 2 x 2 x 2 = 8. இப்படிப் பத்துச் சொற்கள் இருந்தால் 1,024 விதம். பெரும்பாலானவற்றுக்குப் பொருளே இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பொருள் இல்லை என்று கண்டுபிடித்துத் தள்ளுகிற வேலை படிப்பவர் தலையில்தானே விழுகிறது? அவர் தவறாகப் படித்து, அந்தத் தவறோடு புது ஓலையில் படியெடுத்துவிட்டால் அடுத்து வருபவருக்கும் அதே தவறுதான் கிடைக்கும். பிற்காலத்தில் உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஆழ்வார்திருநகரி வரை வந்தார் அல்லவா? ஒரே நூலுக்குப் பல ஏடுகளைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர் அச்சிட்டார். ஒரு ஏட்டை மட்டும் நம்ப முடியாது!

கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களும் இதே மாதிரிக் கணக்குப் போடுகிறார்கள். மழை பெய்தால் குடையை எடு, இல்லாவிட்டால் தொப்பியை எடு என்று ஒரு நிரலில் எழுதினால் அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. இப்படி நிறையப் பிரிந்தால், எழுதியவரே ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் தலை சுற்றும். 1976-இல் தாமஸ் மெக்கேப் என்ற அமெரிக்கர் இதை அளக்க ஒரு வழி சொன்னார். பாதை பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த எண் 10-ஐத் தாண்டினால் நிரலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எழுதுவது நல்லது என்றார். கணினிக்கு எந்தக் குழப்பமும் இல்லை, படிக்கும் மனிதருக்குத்தான்!

சரி, வீரமாமுனிவர் என்ன செய்தார்? புதிதாக எழுத்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இருந்த எழுத்தையே கொஞ்சம் வளைத்தார். எகரத்தின் காலைக் கீழே இழுத்து ஏ ஆக்கினார். ஒகரத்தின் அடியில் ஒரு சுழி போட்டு ஓ ஆக்கினார். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து நெடிலுக்கு இரட்டைக் கொம்பு கொடுத்தார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொல்காப்பியர் காலத்துப் புள்ளி குறிலின் மேல் இருந்தது, அதை எழுதாமல் விட்டால் குழப்பம். வீரமாமுனிவரின் சுழியோ எழுத்தின் உடம்போடு ஒட்டியிருந்தது. எழுத்தாணியை எடுக்காமல் அப்படியே இழுத்துவிடலாம். ஓலையும் கிழியாது, சோம்பேறியும் மறக்க மாட்டான்.

அகராதியிலும் அவர் கை வைத்தார். அதற்கு முன் சொற்பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டுதான். செய்யுளாக இருக்கும். மனப்பாடம் செய்தவருக்குத்தான் உதவும். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் முதல் எழுத்து வரிசையில் அகராதி நிகண்டு செய்திருந்தார், ஆனால் அதுவும் செய்யுள்தான். வீரமாமுனிவர் 1732-இல் செய்த சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, எதிரே பொருளை எழுதினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு. அதனால்தான் சதுர் அகராதி. மனப்பாடம் செய்யாதவரும் விரலை ஓட்டித் தேடலாம்.

பேசும் தமிழுக்குத் தனியாகவும் செந்தமிழுக்குத் தனியாகவும் இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? அவர் எழுத்தாலேயே கடுமையாகச் சண்டை போட்ட லுத்தரன் சபையார்! சமயச் சண்டை ஒரு பக்கம், நல்ல இலக்கணம் ஒரு பக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள் போலும்.

'தேம்பாவணி' என்ற பெரிய காவியத்தைப் பாடியவரும் அவர்தான். அதே கைதான் பரமார்த்த குரு கதையையும் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் குருவும் ஆற்றைக் கடந்தபின், எண்ணுகிற ஆள் தன்னை எண்ண மறந்து, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுவார்களே, அந்தக் கதைதான். காவியம் படிக்கப் புலவர் வேண்டும். இந்தக் கதையைப் படிக்க நீங்களே போதும்.

1747-இல் அவர் மறைந்தார். அவர் போட்ட சுழி உடனே எல்லோர் கைக்கும் வந்துவிடவில்லை. பழக்கத்தை யார்தான் சட்டென்று விடுவார்கள்? அச்சுப் புத்தகங்கள் பெருகப் பெருக, மெல்ல மெல்ல ஊன்றியது. அதன் பிறகும் தமிழ் எழுத்து மாறியது. ணை, லை, னை ஆகியவற்றின் பழைய தும்பிக்கை வடிவத்தை உங்கள் தாத்தாவின் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழில் பயன்படுத்திய சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. சென்னை மெரினாவில் 1968-இல் வைத்த வீரமாமுனிவர் சிலை இருக்கிறது.

இன்று வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். நான்கு வரிக் கதை ஒன்றை இரண்டு தாள்களில் எழுதுங்கள். முதல் தாளில் புள்ளி எதுவும் வைக்காதீர்கள், ஏ, ஓ வரும் இடங்களில் எல்லாம் எ, ஒ மட்டும் போடுங்கள். இரண்டாவதில் வழக்கம்போல் எழுதுங்கள். முதல் தாளை அண்ணனிடமும் இரண்டாவதை அக்காவிடமும் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை விநாடி வித்தியாசம் என்று குறித்து வையுங்கள். நான் செய்து பார்த்தபோது, 'மேலே தேர் போனது' என்ற வரியில் வாசித்தவர் மூன்று முறை நின்றுவிட்டார்.