ஊர்ப்பெயர் காத்த சொல்லின் செல்வர்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றானும் சிறப்புற்றது பொருநை நாடு. மூர்த்தியை வழிபடுவார் பலர். தீர்த்தத்தில் ஆடுவாரும் பலர். தலத்தின் பெயரைப் பேணுவாரோ மிகச் சிலர். பெயர்தானே என்று வாளா இருத்தல் தகாது. பெயர் திரிந்தால் வரலாறு திரியும். பெயர் மறைந்தால் பதிகம் பெற்ற தலம் யாதெனத் தேடி அலைய நேரும். திருஅரதைப் பெரும்பாழி என்று திருஞானசம்பந்தர் பாடிய தலம் இன்று அரித்துவாரமங்கலம் என வழங்குகின்றது. பழம்பெயரை அறியாத அடியவர், பதிகத்தைக் கையில் ஏந்தியவாறே அத்திருக்கோயிலைக் கடந்து சென்றுவிடுதல் கூடும். இக்குறை தமிழ்நாட்டிற்கு நேராவண்ணம் உழைத்த நல்லார் ஒருவர் பொருநைக் கரையிலே தோன்றினார். அவரே சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள்.

திருநெல்வேலிக்கு அணித்தாயுள்ளது இராசவல்லிபுரம். அழகிய கூத்தர் திருநடம் புரியும் செப்பறை அவ்வூரை அடுத்தது. அவ்வூரில் பிறவிப்பெருமாள் பிள்ளையவர்களுக்கும் சொர்ணம்மாள் அம்மையாருக்கும் 1896-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள் சேதுப்பிள்ளையவர்கள் பிறந்தார்கள். சேதுக் கடலாடி, இராமேசுவரத்துப் பெருமானை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் அப்பெயர் இடப்பட்டதென்பர். பிறந்த ஊரும் தந்தையார் பெயரும் தம் பெயருக்கு முன்னே எழுத்துக்களாய் நிற்க, அவர் ரா. பி. சேதுப்பிள்ளை ஆயினார். ஊர்ப்பெயரை ஆராய வந்தவர், தம் ஊர்ப்பெயரை இறுதிவரை தம்மோடு சுமந்து சென்றமை எண்ணி மகிழத்தக்கது.

அவ்வூர் மடத்துத் தலைவராய் விளங்கிய அருணாசல தேசிகரிடம் இளமையிலே தமிழ் நூல்களைப் பயின்றார். பின்னர்ப் பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் கற்றுத் தேறினார். சட்டமும் பயின்று, நெல்லையிலே வழக்கறிஞராய் அமர்ந்தார்.

வழக்கறிஞர் தொழில் பொருள் தருவது. ஊர்த்தொண்டோ உழைப்பை மட்டுமே வேண்டுவது. சேதுப்பிள்ளையவர்கள் ஊர்த்தொண்டையும் விரும்பி ஏற்றார்கள். நெல்லை நகர்மன்ற உறுப்பினராகவும், அம்மன்றத்தின் துணைத்தலைவராகவும் பணியாற்றினார்கள். நகர்மன்றத்திற் பேசப்படுவன சாலை, விளக்கு, குடிநீர் முதலியன. அவை வேண்டுவனவே. ஆயினும் அங்கே வேறொருவர் கண்ணிற் படாத குறையொன்று அவர் கண்ணிற் பட்டது. நெல்லையப்பர் திருக்கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த அம்மூதூரில், தெருப்பெயர்கள் பல பேச்சிலும் எழுத்திலும் சிதைந்து, பொருள் விளங்காமல் வழங்கி வந்தன. அவற்றின் உண்மைப் பெயர்களை ஆராய்ந்தறிந்து, அவையே நிலைபெறுமாறு செய்தார்கள். தெருவுக்குப் புதுப்பெயர் சூட்டித் தம் புகழை நாட்ட விரும்புவார் உலகிற் பலர். இவரோ பழையோர் வைத்த பெயரைப் பழையோர்க்கே மீட்டுக் கொடுத்தார். இதனினும் தன்னலமற்ற தொண்டு யாதுளது?

நெல்லைத் தெருக்களில் வெளிப்பட்ட இவ்வார்வமே பின்னர்த் தமிழகம் முழுதும் பரந்தது. 1930-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1936 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப்பணி ஆற்றிய காலத்தில், தேவாரத் திருமுறைகளையும் கல்வெட்டுக்களையும் பழைய இலக்கியங்களையும் ஒப்புநோக்கி ஊர்ப்பெயர்களைத் திரட்டினார்கள். அவ்வுழைப்பின் பயனாக 1946-இல் வெளிவந்தது ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூல். மலையால், காட்டால், வயலால், கடலால் அமைந்த பெயர்களும், மன்னரால் வந்த பெயர்களும், இறைவன் உறையும் தலங்களின் பெயர்களும் அந்நூலில் வகைப்படுத்தி விளக்கப்பெற்றன. மறைக்காடு வேதாரண்யமாகவும், முதுகுன்றம் விருத்தாசலமாகவும், குடமூக்கு கும்பகோணமாகவும் மாறிய வரலாற்றை அறிந்தவர்க்கே இத்தகைய ஆராய்ச்சியின் அருமை புலனாகும்.

ஊர்ப்பெயர் மக்கள் வாழ்வை எங்ஙனம் தாங்கி நிற்கும் என்பதற்குப் பொருநை நாட்டிலேயே ஒரு சான்றுண்டு. மணிமுத்தாற்றுக்கு மேலுள்ள மலையூர் மாஞ்சோலை. மாமரச் சோலை என்னும் பொருள் பெயரிலேயே விளங்குகின்றது. சிங்கம்பட்டிச் சமீனுக்குரிய அம்மலைக்காடு 1929-இல் குத்தகைக்கு விடப்பட்டு, தேயிலைத் தோட்டமாயிற்று. மலையின் கோலம் மாறியும் பெயர் மாறவில்லை. 2024-இல் தோட்டப் பணி நின்றபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த குடும்பங்கள் பல மலையிறங்க நேர்ந்தது. அவர்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்தனர். எவ்வூரார் என்று வினவினால் மாஞ்சோலை என்னும் சொல்லே அவர்கட்கு எஞ்சிய உடைமை. மண்ணை இழந்தாரும் பெயரை இழப்பதில்லை. அதனைப் பிழையின்றிப் பேணித் தருதல் அறிந்தோர் கடமையாகும்.

சேதுப்பிள்ளையவர்களின் புலமை ஏட்டளவில் நின்றதன்று. சென்னைக் கந்தகோட்டத்தில் கந்தபுராணத்தையும், பிற மன்றங்களிற் சிலப்பதிகாரத்தையும் திருக்குறளையும் ஆண்டுக்கணக்கில் விரித்துரைத்து, கல்லூரி வாயிலை மிதியாத மக்களுக்கும் தமிழமுதம் ஊட்டினார்கள். எதுகையும் மோனையும் இயல்பாய் வந்து பொருந்தும் அவர்தம் உரைநடை கேட்டாரைப் பிணித்தது. 1950-இல் தருமபுர ஆதீனம் சொல்லின் செல்வர் என்னும் பட்டத்தை வழங்கியது. ‘தமிழின்பம்’ என்னும் நூலுக்கு 1955-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. தமிழ்மொழிக்கு அப்பரிசு வந்தது அதுவே முதன்முறை. சைவப் பற்று மிக்க அவர்கள், கால்டுவெல் ஐயரின் சரிதத்தையும் கிறித்தவத் தமிழ்த்தொண்டர் வரலாற்றையும் அன்போடு எழுதியமை அவர்தம் நெஞ்சின் விரிவைக் காட்டும். ஈட்டிய பொருளைக் கொண்டு, ஈன்ற அன்னையார் சொர்ணம்மாள் பெயரால் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளுக்கு அறக்கட்டளை நிறுவினார்கள்.

1961-ஆம் ஆண்டு ஏப்பிரல் 25-ஆம் நாள் அப்பெருந்தகை இறைவன் திருவடி நீழல் எய்தினார்கள். பொருநை முன்போலவே ஓடுகின்றது. செப்பறைக் கூத்தர் முன்போலவே ஆடுகின்றார்.

கும்பாபிடேகம் என்பது பழுதுற்றதைப் பழைய சீரோடு புதுக்குவது. விமானத்தைப் புதுக்குவார் கல்லும் சுதையும் கொண்டு செய்யும் அப்பணியை, சேதுப்பிள்ளையவர்கள் சொல்லைக் கொண்டு செய்தார்கள். திருப்பணிக்குப் பொருளீந்த செல்வர்களும் தொண்டர்களும் இன்னும் ஒன்று செய்தல் வேண்டும். திருமதிலிலும் திருவாயிலிலும் எழுத்துப் பொறிக்குங்கால், தலத்தின் பழம்பெயரைப் பிழையறப் பொறிக்க. பழைய கல்வெட்டுக்கள் சுண்ணத்தால் மூடப்படாமலும் உளியாற் சிதைக்கப்படாமலும் காக்க. தம் பிள்ளைகளுக்குத் தம் தெருவும் ஊரும் பெற்ற பெயரின் காரணத்தைச் சொல்லிக் கொடுக்க. சொல்லின் செல்வர்க்கு இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டுவதில்லை. நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் அதற்குத் திருவருள் பாலிப்பார்களாக!